செல்வத்துக்கு, சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இங்கே எல்லாரும் சுகம். மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு, வீட்டில் அவளைப் பார்ப்பதே அபூர்வம். எனக்கு மாலை ஷிப்ட் போட்டுவிட்டார்கள். அதனால் காலைப் பொழுது கையில் நிற்கிறது. உணவங்காடியில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிடுகிறேன்.

அந்தப் பான் மியான் நூடுல்ஸ் சூப் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. கடைக்கார ஆன்ட்டிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, கை மட்டும் அதே வேகம். நீ எப்போதும் வாங்குவாயே, மாவைக் கையால் பிய்த்துப் போடுகிற மீ ஹூன் குவே, அதையும் விடவில்லை. பல கடைகளில் இப்போது மாவைப் பிசைவதும் தேய்ப்பதும் மெஷின்தான். கடைசியில் பிய்ப்பது மட்டும் கை, அதற்கே பலகையில் 'கைச்செய்முறை' என்று கொட்டையாக எழுதிவிடுகிறார்கள்.

காலை ஓய்வு கிடைத்ததால் ஆன்ட்டி செய்வதை முதலிலிருந்து பார்க்க முடிகிறது. மாவில் ரகசியம் ஒன்றுமில்லை. மைதா, உப்பு, தண்ணீர், கொஞ்சம் முட்டை. பிசைந்து, எண்ணெய் தடவி மூடி வைத்துவிடுகிறார். நம் பரோட்டா மாஸ்டர் மாவை ஊறப் போடுவாரே, அதே காரணம்தான். பிசைந்த உடனே இழுத்தால் மாவு முறுக்கிக்கொண்டு திரும்பச் சுருங்கும், ஊறினால் சொன்னபடி கேட்கும். ஆர்டர் வந்ததும் ஓர் உருண்டையை எடுத்து விரலால் மெலிதாக இழுத்து, துண்டு துண்டாகக் கொதிக்கிற சூப்பில் பிய்த்துப் போடுகிறார். ஒரு துண்டு மாதிரி இன்னொன்று இருக்காது. ஓரம் மெலிந்து வழுவழுவென்று சூப்பைக் குடித்திருக்கும், நடுவில் தடிப்பாகப் பல்லுக்கு வேலை கொடுக்கும். ருசியே அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. மெஷினில் வெட்டிய மீ நூடுல்ஸில் முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனிச் சட்டி வைப்பதால் வரிசை நகரவே நகராது. நெத்திலி போட்டுக் கொதித்த சூப், கொத்து இறைச்சி, காளான், கடைசியில் ஒரு முட்டை. கீரை, நம் ஊரில் தவசிக்கீரை என்பார்களே, அதுதான். மேலே வறுத்த நெத்திலி. அதை ஊறவிடாமல் முதலில் சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி. சூப்போடு கலந்துதான் சாப்பிட வேண்டும் என்பது உன் கட்சி. அதில் நான் இன்னும் மாறவில்லை. பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு மீன் துண்டு போட்டுத் தருகிறார்கள், ஆனால் சூப்பில் பன்றி எலும்பு கொதித்திருக்கும். அதனால் உன் மச்சானைக் கூட்டி வந்தால் கேட்டுவிட்டு வாங்கு.

இதே வரிசையில் லான்சோ மீ கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. சீனாவின் வடமேற்கிலிருந்து வந்த முறை. மாவில் காரம் சேர்ப்பார்கள், மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பு மாதிரிக் காரம். அந்த ஊரில் முன்பு ஒரு செடியைச் சுட்டெடுத்த சாம்பலைப் பயன்படுத்துவார்களாம். இழுவையும் இலேசான மஞ்சள் நிறமும் அதனால்தான் வருகின்றன. கடைக்காரர் ஒரு மாவு உருளையை இழுத்து இரண்டாக மடிக்கிறார், திரும்ப இழுத்து மடிக்கிறார். ஏழாவது மடிப்பில் 128 இழை, எட்டாவதில் 256! கூட்டம் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கிண்ணம் எட்டு வெள்ளி (டாலர்), யாரும் முகம் சுளிப்பதில்லை.

எனக்கு ஆற்றாமை இங்கேதான். ஆன்ட்டி தலையைக் குனிந்தபடி பிய்த்துப் போடுவதை யாரும் படம் எடுப்பதில்லை. ஐம்பது காசு ஏற்றினால் போதும், "என்ன ஆன்ட்டி, இப்படி விலை ஏத்துறீங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மாவுக்கும் முட்டைக்கும் காசு கொடுக்கத் தயார், விடிவதற்கு முன் வந்து பிசைந்த கைக்குத்தான் யாரும் கணக்கு வைப்பதில்லை. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடிக் கலாச்சாரத்தைப் பட்டியலில் சேர்த்தபோது எல்லாருக்கும் பெருமைதான், எனக்கும்தான். பெருமையால் ஆன்ட்டியின் முழங்கைக்கு என்ன லாபம்? தெருவில் விற்றவர்களை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கூரைக்குக் கீழே கொண்டுவந்த அரசு, அந்தத் தலைமுறைக்கு வாடகையைக் குறைத்து வைத்தது. இன்றைய புதியவர் டெண்டரில் கடை எடுக்கிறார். அவர் ஏன் நாலு மணிக்கு எழுந்து மாவு பிசையப் போகிறார்? ஆன்ட்டியின் மகன் வங்கியில் வேலை பார்க்கிறான். "அவன் வரவேண்டாம்" என்று அவரே சொல்லிவிட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உதவிக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டம். 2025 தொடக்கத்திலிருந்து நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர்களையும் உதவியாளராக வைக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். ஆன்ட்டி கடைக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை.

அப்புறம், நீ போன பிறகு வந்த ஒரு விஷயம். சாப்பிட்டுவிட்டுத் தட்டை அப்படியே விட்டுப் போக முடியாது. 2021 செப்டம்பரிலிருந்து நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், திரும்பத் திரும்ப மறந்தால் அபராதம். டிஷ்யூ பாக்கெட் போட்டு மேசை பிடிக்கிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்கு அபராதம் போட எவருக்கும் துணிச்சல் இல்லை.

தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய். சீனப் புத்தாண்டை ஒட்டி டிக்கெட் போடாதே, கடை அநேகமாக இரண்டு வாரம் சாத்தியிருக்கும். அதற்கு முன்னால் வா. தேதி முடிவானதும் எழுது, நான் ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன். வரும்போது தங்கச்சி போடும் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில்.

அன்புடன்,
ராஜு