முத்திஜுலு பிள்ளைகளுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள உலுரு-கட்டா ஜூட்டா தேசியப் பூங்காவில் ரேஞ்சர் (பூங்காக் காவலர்) பயிற்சி பெற்ற நான்கு பேரும் சென்ற வாரம் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். நால்வரும் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் முத்திஜுலு ஊர்ப் பிள்ளைகள். படிவம் நிரப்பவும் அறிக்கை எழுதவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். என் பங்கு சிறியது. உங்கள் பங்கைப் பலரும் அறிய வேண்டும் என்றே இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் வணக்கம் இந்த மண்ணின் பழங்குடிகளான அனங்கு மக்களின் பாட்டிமார்களுக்கு. ஜகுரா என்ற பாலைவன அரணையைக் கணக்கெடுக்கப் போன அந்தக் காலையை நான் மறக்கமாட்டேன். வெயில் ஏறவில்லை. ஸ்பினிபெக்ஸ் என்ற முள்புல் புதருக்கு அருகில் ஒரு பாட்டி குனிந்து, வளைவாசலுக்குச் சற்றுத் தள்ளிக் கிடந்த எச்சத்தைக் கோலால் புரட்டிக் காட்டினார். ஜகுரா குடும்பமாக வாழும் பிராணி. வளைக்கு வெளியே ஒரே இடத்தில்தான் எச்சமிடும். பெரியதும் பொடியதுமாக எச்சம் கலந்து கிடந்தால் உள்ளே குட்டிகள் இருக்கின்றன என்று பொருள். பயிற்சி பெற்ற நால்வரில் ஒருத்தியான அவர் பேத்தி அதைக் கேட்டு டேப்லெட்டில் பதியப் போனாள். என் படிவத்திலோ "விலங்கைக் கண்டீர்களா? ஆம், இல்லை" என்ற கேள்வி மட்டுமே இருந்தது. அன்று மாலையே அதில் தடம், எச்சம், வளையின் வயது என்று புதிய கட்டங்கள் சேர்த்துக் கொடுத்த பூங்கா அறிவியல் பிரிவினருக்கு என் மனமார்ந்த நன்றி.

பாட்டிமார்களை ஆசிரியர்களாகவே கருதி, வந்த ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் தர வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற அலுவலர்களுக்கும் நன்றி. அறிவை இலவசமாக வாங்கிக்கொண்டு பொன்னாடை போர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓட்டுநர் உரிமம் இல்லாமல் இங்கே ரேஞ்சர் வேலை பார்க்க முடியாது. உரிமத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் ஓர் அலுவலகம் ஒரு பையனை மூன்று முறை திருப்பி அனுப்பியது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இங்கிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். அவனைத் தன் வண்டியில் அழைத்துப்போய், வழியெல்லாம் ஓட்டவும் பழக்கிய அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வேன்! பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குளிர்மாதங்களில் எங்கே தீ வைப்பது, எந்தக் காற்றில் வைக்கக் கூடாது என்று கற்றுக்கொடுத்த மூத்த ரேஞ்சர்களுக்கும் நன்றி. சிறுசிறு திட்டுகளாக எரித்து வைத்தால்தான் கோடையில் பெருந்தீ பரவாது. ஜகுராவுக்கும் ஒளிய இடம் மிஞ்சும்.

நடுவில் ஒரு சாவு விழுந்தது. இருவர் மூன்று வாரம் துக்கச் சடங்குகளுக்குப் போய்விட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அதைக் குற்றமாக எழுதாமல், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வைத்த மேற்பார்வையாளரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தப் பொறுமை இல்லையென்றால் நான்கு சான்றிதழ்கள் இரண்டாகியிருக்கும்.

1985 அக்டோபர் 26 அன்று இந்த நிலம் அனங்கு மக்களிடம் திரும்பியது. அவர்கள் அதைப் பூங்காவாக நடத்த ஆஸ்திரேலிய அரசுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை அவர்களுடையது. அந்தக் குழுவின் முடிவால்தான் 2019-இல் உலுருப் பாறையில் ஏறுவதும் நின்றது. ஆனால் பத்திரத்தில் உரிமை இருந்தால் மட்டும் போதுமா? அந்த மண்ணில் மாதச் சம்பளம் வாங்கும் சீருடையும் அவர்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். நால்வரில் மூவருக்கு வேலை உறுதியாகிவிட்டது. நான்காமவனுக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இடம் இருந்தால் சொல்லுங்கள்.

டேப்லெட்டில் எச்சத்தைப் பதிந்த அந்தப் பேத்தி திங்கட்கிழமை முதல் உலுரு அடிவாரத்தில் மலா நடை என்ற வழிகாட்டி நடைக்குப் பயணிகளை அழைத்துச் செல்கிறாள். முதலில் அனங்கு மக்களின் மொழியான பிட்ஜன்ஜஜாராவில் வரவேற்று, பிறகு ஆங்கிலத்தில் பேசப்போகிறாளாம். முதல் நாள் கேட்பதற்குப் பாட்டியும் வருகிறார்.

பல்யா (அவர்கள் மொழியில் 'நல்லது'). மிக்க நன்றி.