ஸ்மார்ட் வகுப்பறையின் சாவியைக் கொடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கும் கல்லூரி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வந்துபோன மறுநாளே ஸ்மார்ட் வகுப்பறையை மறுபடி பூட்டிவிட்டீர்கள். குழு வந்த அன்று அங்கே உட்கார வைக்கப்பட்டவர்கள் நாங்கள்தான். போன வாரம் எங்கள் மேடம் ஒளியியல் பாடத்துக்காக அந்த அறையைக் கேட்டபோது, "பழுதானால் யார் பொறுப்பு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தயவுசெய்து அறையைத் திறந்து, சாவியைத் துறைகளிடம் கொடுங்கள்.

அன்றைய பாடம் குறுக்கீட்டு விளைவு. இரண்டு ஒளி அலைகள் சேரும்போது ஓர் இடத்தில் வெளிச்சமும் பக்கத்திலேயே இருட்டும் எப்படி வருகிறது என்பது அலை நகர்வதைப் பார்த்தால்தான் விளங்கும். சாக்பீஸால் வரைந்தால் அது வெறும் வளைகோடு. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய, அறிவியல் சோதனைகளைக் கணினியில் செய்து பார்க்க உதவும் 'ஃபெட்' (PhET) திட்டத்தில் இதற்கென்றே ஒரு செயலி இருக்கிறது. ஒளி நுழையும் இரட்டைப் பிளவுகளை நாமே நெருக்கி வைத்து, வெளிச்சமும் இருட்டுமான பட்டைகள் அகலமாவதைக் கண்ணால் பார்க்கலாம். இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம். மேடம் அதைத் தன் லேப்டாப்பில் கொண்டு வந்திருந்தார். அறுபது பேர் ஒரு லேப்டாப்பை எப்படிப் பார்ப்பது? முன்வரிசை பார்த்தது. மற்றவர்கள் சூத்திரத்தை எழுதிக்கொண்டு எழுந்து போனோம்.

பின்வரிசையில் இருப்பவர்களில் பலர் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். சந்தேகம் இருக்கும், எழுந்து கேட்கக் கூச்சம். "புரிஞ்சுதா?" என்றால் தலையாட்டிவிடுவோம். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991-லேயே இதற்கு ஒரு வழி கண்டார். பாடத்தின் நடுவே ஒரு கேள்வி, சில விடைகள். ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை பேருக்குப் புரியவில்லை என்பது ஆசிரியருக்கு அங்கேயே தெரிந்துவிடும். யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. எங்கள் கையில் இருக்கும் போனே இதற்குப் போதும். ஆனால் வகுப்பில் போனை எடுத்தால் பறிமுதல்.

வருகைப்பதிவுக்கு ஆப் இருக்கிறது. கட்டணம் ஒரு நாள் தாமதமானால் அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. எங்களைக் கணக்கெடுக்க உதவும் தொழில்நுட்பம் எங்களுக்குப் பாடம் நடத்த மட்டும் ஏன் பூட்டிக் கிடக்க வேண்டும்? அந்த அறைக்குச் செலவழித்த பணம் குழுவுக்குக் காட்டுவதற்கா, மாணவர்கள் படிப்பதற்கா?

இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா. ஸ்லைடைத் திரையில் போட்டு அப்படியே வாசிக்கும் வகுப்பை நாங்கள் கேட்கவில்லை. மேடம் போல முயற்சி எடுக்கும் ஆசிரியர்களுக்கு இடம் கொடுங்கள், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். பழுதாகும் என்ற பயம் இருந்தால் ஒரு பதிவேடு வையுங்கள். அறையை எடுக்கும் துறை கையெழுத்திட்டு எடுக்கட்டும். துறைக்கு வாரம் இரண்டு மணி நேரம் போதும். செமஸ்டர் தேர்வுக்கு முன்பே அறையைத் திறந்து சாவியைக் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி