பாடக்குறிப்பும் வசனமும்

அன்புள்ள மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கிவிட்டதால் வெள்ளிக்கிழமை மாலை ஆராதனைக்கு ஆட்டோ பிடித்துப் போய்வருகிறோம்.

ஒவ்வொரு பாடக்குறிப்பின் முடிவிலும் ஒரு வேத வசனம் எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று உங்கள் பள்ளியில் சொல்லியிருப்பதையும், நீ மட்டும் எழுதாமல் இருப்பதையும் உன் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். ஓய்வுபெறும்வரை மிஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்திய அப்பனிடம் இதை நீ நேரில் சொல்லியிருக்கலாம். போகட்டும். எழுதாமல் இருப்பது சரி என்றே நானும் நினைக்கிறேன். பாடத்தின் வாலில் வசனத்தை ஒட்டினால் பாடமும் கெடும், வசனமும் மலிந்துபோகும்.

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் போர்ஷியா இரக்கத்தைப் பற்றிப் பேசும் வரிகளைப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்கிறார்கள். கிறிஸ்தவப் பள்ளிகளில் அதை ஒரு பிரசங்கம்போலவே ஒப்புவிக்க வைக்கிறோம். ஆனால் அதே நான்காம் அங்கத்தில், அதே நீதிமன்றத்தில், வழக்கில் தோற்றுப்போன யூதனாகிய ஷைலாக் கிறிஸ்தவனாக மாற வேண்டும் என்று எதிராளியான வணிகன் அந்தோணியோ நிபந்தனை விதிக்க, அவனும் வேறு வழியின்றி அதற்கு இணங்குகிறான். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, கையில் சோற்றுப் பருக்கை காயக் காய, "இதுதான் இரக்கமா அப்பா?" என்று நீ கேட்டாய். அன்று எனக்கு உண்டான பெருமையை இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை. அந்தக் கேள்வியை உன் வகுப்பில் இந்துப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ கேட்டால், நம் விசுவாசத்துக்கு இழுக்கு வருமே என்று அஞ்சி அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதே. அங்கே நிதானமாக நிற்பதையே கிறிஸ்தவ ஆசிரியரின் வேலையாக நான் கருதுகிறேன்.

பாடமே வேதத்தைக் கேட்கும் இடங்களும் உண்டு. கண்பார்வையை இழந்த ஆங்கிலக் கவிஞர் மில்டன் எழுதிய சிறு கவிதையை, மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் எஜமான் கொடுத்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்துவைத்த ஊழியக்காரனின் கதையைச் சொல்லாமல் எப்படி நடத்துவாய்? அதைத் தயங்காமல் சொல். கம்பனை நடத்துகிறவர் இராமகதையைச் சொல்வதைப் போன்றதுதான் அது. சமய போதனை வேறு. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் அதில் பங்கெடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. நிர்வாகத்தாரிடம் பேசும்போது இதைப் பணிவாக எடுத்துச் சொல், குரலை உயர்த்தாதே. உன் கோபம் பெரிய அத்தையின் கோபம்.

நம் சீமையின் கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய 'மோட்சப் பிரயாணம்' கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார்; அது 1894இல் வெளிவந்தது. அவருடைய பக்தியை அந்த விருத்தங்களின் செம்மையிலேயே காணலாம். உன் பக்தியும் விடைத்தாள் திருத்துவதில் தெரியட்டும். கடைசி வரிசைப் பையனின் கட்டுரையையும் முதல் மாணவியின் கட்டுரையைப் போலவே முழுவதும் வாசித்து மதிப்பெண் போடு. வசனத்தை ஒட்டாதே என்று மறுபடியும் சொல்கிறேன்; வசனத்தை விட்டுவிடாதே என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

நீ எழுத மறுப்பதற்கு நான் இத்தனை காரணங்களை அடுக்கிவிட்டேன். உன் காரணமும் இவற்றில் ஒன்றுதானா என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். தொலைபேசியில் போர்ஷன், திருப்புதல் தேர்வு, விடைத்தாள் என்று எல்லாம் சொல்கிறாய். அங்கே எந்தச் சபைக்குப் போகிறாய், ஆராதனை தமிழிலா ஆங்கிலத்திலா, போதகர் ஐயா எந்த ஊர்க்காரர் என்று அம்மா கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கும் நீ வரவில்லை, வேலை இருந்திருக்கும். நான் குற்றம் சொல்லவில்லை.

உன் பாமாலைப் புத்தகம் இங்கே அலமாரியிலேயே இருக்கிறது. அதைப் பார்சலில் அனுப்பட்டுமா, ஈஸ்டருக்கு நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று ஒரு வரி எழுது. டிக்கெட் இப்போதே போட்டால்தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா