பிஸ்டல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பழைய கோத் ஆள் எழுதுவது

பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவில் இருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

நான் தரைப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். ‘கோத்’ என்று நாங்கள் சொல்லும் ஆயுத அறையில்தான் என் பாதி ஆயுள் கழிந்தது. நைன் எம்.எம். ஒன்-ஏ பிஸ்டலைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டிவிடுவேன். அதற்கு மாற்று வாங்கும் நாள் வரும்போது உங்கள் மேஜையில் இந்தக் கடிதமும் கிடக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கிழவனுக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த சரக்கு அது. மூலம் பெல்ஜியத்தின் பிரௌனிங் ஹை-பவர். 1935-ல் வந்த துப்பாக்கி. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் கனடாவில் அதை இங்கிலிஸ் என்ற கம்பெனி செய்தது. பின்னாளில் வாஷிங் மெஷின் விற்ற அதே இங்கிலிஸ்தான். நம் ஒன்-ஏ அந்தக் கனடாக்காரனின் வழிவந்தது. 13 தோட்டா பிடிக்கும். அதன் கைப்பிடி மாதிரி ஒரு கைப்பிடி இன்றைய பிளாஸ்டிக் பிஸ்டல்களில்கூட அபூர்வம். கனடா தன் போர்க்காலத்துப் பிஸ்டல்களையே வைத்து ஓட்டிவிட்டு, 2022-ல்தான் மாற்றுக்கு ஒப்பந்தம் போட்டது.

குறை இல்லாமல் இல்லை. சுடும்போது பின்னால் வரும் குதிரை, அதாவது தட்டிச் சுட வைக்கும் சுத்தியல், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் தோலைக் கடிக்கும். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றினால் சுடாமல் இருக்க உள்ளே ஒரு பூட்டு உண்டு. அதனால் டிரிகர் இழுக்கும்போது மணலில் செருப்பைத் தேய்ப்பது போல இருக்கும். சேஃப்டி நெம்புகோலோ கட்டை விரல் நகம் அளவுதான். குதிரையை ஏற்றி, சேஃப்டி போட்டு, குழலின் அடியில் இருக்கும் சேம்பரில் தோட்டாவோடு இடுப்பில் வைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. அதனால் மேகசின் உள்ளே, சேம்பர் காலி. தேவைப்படும்போது தோட்டாவை ஏற்ற, மேலே நகரும் ஸ்லைடை இரண்டு கையாலும் இழுக்க வேண்டும்.

ஒருமுறை பயிற்சியில் சுபேதார் சாப் ஒருவர் இடது கையை முண்டாசுத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டார். காயம்பட்டதாகக் கணக்கு. பிஸ்டலின் மேல் பின்பக்கம் குறிபார்க்க இருக்கும் முனையைப் பூட்ஸ் குதியில் மாட்டி ஸ்லைடை இழுக்கப் பார்த்தார். வழுக்கியது. பெல்ட் பக்கிளில் மாட்டினார். அங்கேயும் வழுக்கியது. நாலாவது முறை ஸ்லைடு பாதி வந்து நின்றது, தோட்டா குறுக்கே சிக்கியது. நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. “இத்தனை நேரத்துக்கு எனக்குப் பதினோராம் நாள் காரியம் ஆகியிருக்கும்டா” என்றார்.

ஆகவே மாற்று வேண்டும் என்பதில் சண்டையில்லை. எப்படி வாங்குவது என்பதில்தான் எனக்குப் பயம்.

தேவைப் பட்டியலை, அதாவது ஜி.எஸ்.க்யூ.ஆரை, தயவுசெய்து சின்னதாக எழுதுங்கள். இதை நான் சொன்னால் ஹவில்தார் பேச்சு என்று விட்டுவிடுவீர்கள். 2015-ல் மனோகர் பாரிக்கர் அமைச்சராக இருந்தபோதே, நம் பட்டியல்களைப் பார்த்தால் மார்வெல் காமிக்ஸிலிருந்து எடுத்தது போல இருக்கிறது என்றார். குழலை மாற்றினால் இரண்டு வகைத் தோட்டாவும் சுடும் ரைஃபிள் வேண்டும் என்று 2011-ல் போட்ட டெண்டர் அதே 2015-ல் ரத்தானது. கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியில் 2018-ல் எல்-1, அதாவது குறைந்த விலை கேட்டவர், யார் என்று முடிவான பிறகும் 2020-ல் கைவிட்டோம். சிப்பாய் காத்துக்கொண்டே இருந்தான்.

அமெரிக்காக்காரனும் இதில் சளைத்தவன் இல்லை. தங்கள் பழைய பெரெட்டா பிஸ்டலுக்கு மாற்று தேட அவர்கள் போட்ட டெண்டர் 350 பக்கத்துக்கு மேல். ஒரு பிஸ்டலுக்கு இத்தனை பக்கமா, சோதனைக்கு மட்டும் 1 கோடியே 70 லட்சம் டாலரா என்று அவர்களுடைய தரைப்படைத் தளபதி மார்க் மில்லியே 2016-ல் வெளிப்படையாக எரிந்து விழுந்தார். அந்தப் பணத்தைக் கையில் கொடுங்கள், கடைக்குப் போய் நானே வாங்கிவிடுகிறேன் என்கிற தொனி. பிஸ்டல் என்ன ஏவுகணையா?

ஆனால் பக்கத்தைக் குறையுங்கள் என்றால் சோதனையைக் குறையுங்கள் என்று அர்த்தமில்லை. 2017 ஜனவரியில் அவர்கள் சிக் சாவர் கம்பெனியின் பி320 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தார்கள். சிக் கேட்ட விலை ஏறக்குறைய 17 கோடி டாலர், போட்டிக் கம்பெனி குளோக் கேட்டது 27 கோடி. இறுதிக்கட்டச் சோதனைகளை முடிக்காமலே முடிவெடுத்துவிட்டார்கள் என்று குளோக் முறையிட்டது. விதியில் அதற்கு இடம் இருக்கிறது என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் தள்ளுபடி செய்தது. சரி, விதிப்படி ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் வந்த பென்டகனின் சோதனை அறிக்கையைப் படியுங்கள். கீழே போட்டுப் பார்த்த சோதனையில் துப்பாக்கியின் ஊசி தானாகவே தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் பிரைமரைத் தட்டியிருக்கிறது. டிரிகர் பாகங்களை எடை குறைவாக மாற்றிச் சரி செய்தார்கள். பொதுமக்களுக்கு விற்றதையும் கம்பெனி 2017 ஆகஸ்டிலேயே திரும்ப வாங்கித் திருத்தித் தருவதாக அறிவிக்க வேண்டி வந்தது.

ஒருமுறை பெயர் கெட்டால் கெட்டதுதான். 2025 ஜூலையில் ஒரு அமெரிக்க விமானப்படைத் தளத்தில் வீரர் ஒருவர் இறந்ததும் முதல் சந்தேகம் துப்பாக்கி மீதே விழுந்து, ஒரு கட்டளைப் பிரிவு முழுவதும் அதை ஓரம் கட்டினார்கள். பிறகு இன்னொரு வீரரைக் கைது செய்தார்கள், துப்பாக்கிகள் மறுபடி பயன்பாட்டுக்கு வந்தன. இடுப்பில் இருக்கும் ஆயுதத்தைப் பார்த்துச் சிப்பாய் பயப்பட ஆரம்பித்தால் அதை நீக்க எந்த சுற்றறிக்கையாலும் முடியாது. நான் கோத்தில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: கீழே போட்டுப் பாருங்கள். குண்டும் மருந்தும் இல்லாமல் பிரைமர் மட்டும் உள்ள தோட்டாக் கூட்டைச் சேம்பரில் வைத்து, சிமென்ட் தரையில், முன்பக்கம், பின்பக்கம், தலைகீழ் என்று எல்லாக் கோணத்திலும், நம் ஆட்கள் கையாலேயே போடுங்கள். கம்பெனி கொண்டுவரும் சான்றிதழ் போதாது. ராஜஸ்தான் மஹாஜன் ரேஞ்சின் மணலிலும், சியாச்சின் குளிரில் தடித்த கையுறையோடும் சுட்டுப் பாருங்கள். 2021 முதல் ராணுவப் போலீஸில் பெண்களும் ஜவான்களாக இருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிடுங்கள், ஆறடி ஜாட் வீரர் கையை மட்டும் வைத்து அளவெடுக்காதீர்கள்.

அப்புறம் மேகசின். டெண்டரில் கடைசிப் பக்கத்தில் கிடக்கும் ஐட்டம் இது. 1980-களில் அமெரிக்கா பெரெட்டாவை எடுத்தபோது, துப்பாக்கி விலையில் சிக் இரண்டு டாலர் மலிவு. மேகசினும் உதிரி பாகங்களும் சேர்த்துக் கூட்டியபோது பெரெட்டா மலிவானது. அந்தக் கூட்டல் சரி. ஆனால் வருஷங்கள் கழித்து விலை குறைவு என்று வேறு இடத்தில் வாங்கிய மேகசின்கள் ஈராக் புழுதியில் சொரசொரப்பான பூச்சோடு சிக்கிக்கொண்டன, திட்டு வாங்கியது துப்பாக்கி. எல்-1 பார்க்கும்போது இருபது வருஷத்துக்கான மேகசின், ஸ்பிரிங், குழல் எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். மேகசின் ஸ்பிரிங்குக்காக இன்டென்ட், அதாவது தேவைச் சீட்டு, போட்டுவிட்டு நான் காத்திருந்த மாதங்களை எண்ணினால் என் மகள் பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

பிஸ்டலை வைக்கும் இடுப்பு உறையையும் அதோடு சேர்த்தே சோதியுங்கள். எங்கள் கித்தான் உறை மழையில் ஊறினால் மூடியின் பித்தளைப் பொத்தான் திறக்கவே திறக்காது. பயிற்சித் தோட்டா கணக்கும் அதே ஒப்பந்தத்தில் வரட்டும். என் காலத்தில் ஒரு ஆள் வருஷத்தில் பிஸ்டலில் சுட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். புதுசு வந்தும் அதே கணக்கு என்றால் பழசே இருந்துவிட்டுப் போகட்டும்.

காலிபர், அதாவது தோட்டா அளவு, பற்றி நிறையப் பேர் கட்டுரை எழுதுவார்கள். 9 எம்.எம். போதும், எங்கள் பழைய கார்பைனுக்கும் அதே தோட்டாதான்.

நான் திருச்சிக்காரன். இங்கே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது, என் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் ஊருக்கே ஆர்டர் கொடுங்கள் என்று எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். போட்டிக்கு வரட்டும், அதையும் கீழே போட்டுப் பாருங்கள்.

சோதனைக் குழுவில் அதிகாரிகளோடு ஒரு கோத் என்.சி.ஓ.வையும் ஒரு ஆர்மரரையும் உட்கார வையுங்கள். ஓட்டு வேண்டாம், ஒரு நாற்காலி போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி