கச்சான் காற்றில் நடும் கன்றுகளும் வளாகத்துப் பற்றைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மே மாதம் 22ஆம் திகதி சர்வதேச உயிர்ப்பல்வகைமைத் தினமும், ஜூன் 5ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினமும் ஆண்டுதோறும் நம் மாவட்டத்தின் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் உயர்கல்வி நிறுவனங்களிலும் மரக்கன்று நடுகையுடன் கொண்டாடப்படுகின்றன. இளைஞர்கள் மண்வெட்டி எடுத்து மண்ணைத் தொடும் எந்த நிகழ்வையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் விவசாயப் போதனாசிரியராக இம்மாவட்டத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற வகையில், அந்த நடுகை நிகழும் காலத்தைப் பற்றியும், நடுவதற்காகத் துப்புரவாக்கப்படும் நிலத்தைப் பற்றியும் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில விடயங்களைக் கூற விரும்புகிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி கோணேசபுரியில், கடலுக்கும் களப்புக்கும் அண்மையில் அமைந்திருப்பதால், இவ்விடயத்தில் மாவட்டத்துக்கே வழிகாட்டக்கூடிய இடம் அது என்று நம்பி இதை எழுதுகிறேன்.

திருகோணமலைக்கு மழை தருவது மாரி. ஐப்பசியில் தொடங்கும் மழை கார்த்திகை, மார்கழியில் உச்சம் பெற்றுத் தை மாதத்தில் ஓயும். ஆண்டு மழையின் பெரும்பகுதி இந்த மாதங்களிலேயே விழுந்துவிடுகிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் மறுபக்கத்தை நனைத்து, மலைகளைக் கடக்கும்போது தன் ஈரத்தை இழந்து, நம்மிடம் வறண்ட கச்சான் காற்றாகவே வந்து சேருகிறது. அந்தக் காற்று இலையின் நீரையும் மண்ணின் நீரையும் ஒரே நேரத்தில் உறிஞ்சுவது. நிலாவெளிப் பக்கத்து மணற்பாங்கான நிலம் ஊற்றிய தண்ணீரைச் சில மணி நேரம்கூடத் தாங்கி வைத்திருப்பதில்லை. பொலித்தீன் பையில் நிழலில் வளர்ந்த கன்று ஒன்றை வைகாசி வெயிலில் அந்த மணலில் இறக்கிவிட்டு, அது புரட்டாதி வரை பிழைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த விவசாயியும் செய்யாத காரியம். நாளாந்தம் பவுசரில் நீர் கொண்டுவந்து ஊற்றும் ஏற்பாடு இருந்தால் சில கன்றுகள் தப்பலாம். விழா முடிந்த பின்னரும் அந்த ஏற்பாடு தொடரும் இடங்கள் மிகச் சிலவே.

இங்கு ஒரு வரலாற்றுச் செய்தியைக் குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும். உயிர்ப்பல்வகைமை பற்றிய உடன்படிக்கையின் வாசகம் 1992ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி நைரோபியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 1993 டிசம்பர் 29ஆம் திகதி. இலங்கை 1994ஆம் ஆண்டில் அதனை ஏற்புறுதி செய்தது. முதலில் உயிர்ப்பல்வகைமைத் தினம் டிசம்பர் 29ஆம் திகதியே கொண்டாடப்பட்டு, 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தீர்மானத்தினாலேயே மே மாதத்துக்கு மாற்றப்பட்டது. அந்தப் பழைய திகதியில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மார்கழியின் நடுவில் மண் ஊறிக் கிடக்கும், பள்ளங்களில் நீர் நிற்கும், தவளைகள் இரவெல்லாம் கத்தும், கோடையில் கண்ணுக்கே தெரியாதிருந்த பூண்டுகள் பூத்துக் கிடக்கும். உலகத் திகதியை நாம் மாற்ற இயலாது, மாற்றவும் தேவையில்லை. மே 22ஐ அறிந்துகொள்வதற்கும் விதை சேகரிப்பதற்கும் உரிய நாளாகக் கொண்டு, நடுகையை ஐப்பசிக்குத் தள்ளிவைத்தால் போதும்.

இதனிலும் என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் இம்மாவட்டத்தின் ஒரு நிறுவன வளவில், மரநடுகை விழாவுக்கென்று இரண்டு நாட்கள் பெக்கோ இயந்திரம் ஓடிப் பற்றைகள் முழுவதையும் வழித்து எடுத்ததைக் கண்டேன். கிளா, காரை, சூரை, விடத்தல் ஆகிய முட்செடிகள் வேரோடு பெயர்ந்து ஒரு மூலையில் குவிக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டன. வெறுமையாக்கப்பட்ட அந்த நிலத்தில் வரிசையாக மகோகனிக் கன்றுகள் நடப்பட்டன. ஆவணி மாதம் அவ்வழியே சென்றபோது கன்றுகளுக்கு ஊன்றிய தடிகள் நின்றன, கன்றுகள் இல்லை. பசுமையை உண்டாக்குவதாக மனப்பூர்வமாக எண்ணிய நல்ல மனிதர்கள்தான் அதைச் செய்தார்கள். பற்றை என்பது ஒன்றுமில்லாத இடம், அழுக்கு, துப்புரவாக்கப்பட வேண்டியது என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

உண்மையில் உலர்வலயத்தின் பற்றை மிகச் செறிவான ஒரு வாழிடம். கிளாப்பழத்தையும் சூரைப்பழத்தையும் தின்னும் கொண்டைக்குருவிகள் அவற்றின் விதைகளை வேறிடங்களில் இட்டு வளர்க்கின்றன. முட்செடியின் நிழலில் விழும் பாலை விதையும் வீரை விதையும் ஆட்டின் வாய்க்கும் நடுப்பகல் வெயிலுக்கும் தப்பி முளைக்கின்றன. முள் அந்த இளங்கன்றுக்கு வேலியாகவும் பந்தலாகவும் அமைகிறது. பாலை மிக மெதுவாக வளரும் மரம். கோடையில் அதன் மஞ்சட் பழங்களை விரும்பி உண்ணும் நாம், அது தானாக முளைத்து எழுந்த இடம் பெரும்பாலும் ஒரு பற்றையின் நடுவே என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. மகோகனியை எந்த நாற்றுமேடையிலும் வாங்கலாம். பாலையும் வீரையும் முதிரையும் கூடி நிற்கும் ஒரு காட்டுத் துண்டைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அதை இருக்கும் இடத்தில் இருக்க விடுவது ஒன்றே வழி.

பற்றையின் கீழே சேரும் சருகையும் மறந்துவிடக் கூடாது. இமயமலை அடிவாரத்திலிருந்து ஐப்பசி அளவில் நம் நாட்டுக்கு வந்து, சித்திரை வரை தங்கும் ஆறுமணிக்குருவி, அதிகாலையிலும் அந்தியிலும் குரல் கொடுத்தபடி, நிழலான தரையில் சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தேடித்தான் உயிர் வாழ்கிறது. அத்தனை தொலைவு பறந்து வரும் அந்தப் பறவைக்கு ஒரு வளவிலே தேவைப்படுவது சற்று நிழலும் கூட்டப்படாத சருகும் மட்டுமே. நாமோ சருகைக் கூட்டிக் குவித்து, மாலையில் எரித்துவிட்டு, வளவு சுத்தமாக இருக்கிறது என்கிறோம். எரிந்துபோவது மண்ணுக்குச் சேர வேண்டிய பசளையும்தான் என்பதை என் தொழில் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்.

திருகோணமலை வளாகத்துக்கு இவ்விடயத்தில் மற்றெந்த வளாகத்துக்கும் எளிதில் வாய்க்காத ஒரு சிறப்பு உண்டு. அங்கு சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. மூலிகைத் தோட்டம் என்றால் பாத்தி கட்டி, பெயர்ப்பலகை நாட்டி வளர்ப்பது என்றே பலரும் நினைக்கின்றனர், அதுவும் தேவைதான். ஆயினும் சித்த மருத்துவர் நாளாந்தம் எடுத்தாளும் கீழ்காய்நெல்லி, குப்பைமேனி, நாயுருவி, மூக்கிரட்டை, பற்பாடகம், விஷ்ணுகிராந்தி முதலானவை யாரும் நடாமலே மாரி மழையோடு மண்ணிலிருந்து எழுபவை. இவற்றுள் பல ஒரு பருவத்துப் பூண்டுகள். மழையோடு முளைத்து, பூத்து, மண் காயுமுன் விதையைச் சிந்திவிட்டு மடிந்துவிடும். விதை முதிர்வதற்கு முன்னரே புல்வெட்டும் இயந்திரம் ஓடினால் அடுத்த ஆண்டுக்கு விதை இராது. சில ஆண்டுகள் தொடர்ந்து அவ்வாறே வெட்டினால் அந்தப் பூண்டு அவ்விடத்தை விட்டே போய்விடும். எனவே நான் கேட்பது மிகச் சிறியது: நடைபாதை ஓரங்களையும் விளையாட்டு மைதானத்தையும் வழக்கம்போல் வெட்டட்டும், எஞ்சிய இடங்களில் மாரியில் முளைத்தவை விதை சிந்தும் வரை, மாசி கழியும் வரை, இயந்திரத்தை நிறுத்தி வைக்கட்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. எரிபொருள்தான் மிஞ்சும்.

அதே மூலிகைகளை நம்பி வண்ணத்துப்பூச்சிகளும் வாழ்கின்றன. ஆடுதின்னாப்பாளையின் இலையில் வளரும் மயிர்க்கொட்டி பின்னர் கரிய சிறகும் சிவந்த உடலும் கொண்ட வண்ணத்துப்பூச்சியாகிறது. எருக்கிலையைத் தின்று வளர்வது செம்மஞ்சள் நிறத்ததாகவும், கொன்றையிலும் ஆவரசிலும் வளர்வது இளமஞ்சள் நிறத்ததாகவும் பறந்து திரிகின்றன. வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைப்பதற்கு வெளிநாட்டுப் பூஞ்செடிகளை வாங்குவோர், தேன் கொடுக்கும் பூ ஒன்றே போதாது, முட்டையிட்டுப் புழு வளர்வதற்குரிய செடியும் வேண்டும் என்பதைக் கவனிப்பதில்லை. அந்தச் செடிகளோ வளவின் வேலியோரத்தில் களை என்று பிடுங்கி எறியப்படுகின்றன.

பற்றைகளை அகற்றுவோர் கூறும் காரணங்கள் இரண்டு: பாம்பும் டெங்கும். இரண்டையும் நான் இலேசாக எண்ணவில்லை. விடுதியில் பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பும் பெற்றோரின் அச்சம் நியாயமானது. நாகமும் புடையனும் இப்பகுதியில் உண்டு. எனவே விடுதிகளையும் வகுப்பறைகளையும் சுற்றியுள்ள நிலத்தை வெட்டித் துப்புரவாக வைத்திருப்பதும், பாதைகளுக்கு வெளிச்சம் கொடுப்பதும் கட்டாயம் செய்ய வேண்டியவை. ஆனால் பாம்பு கட்டிடத்தை நாடி வருவது பெரும்பாலும் எலியைத் தேடியே. சிற்றுண்டிச்சாலையின் பின்புறம் மூடியில்லாத தொட்டியில் சோறு கிடக்கும் வரை எலி வரும். எலி வரும் வரை பாம்பும் வரும். தொலைவிலுள்ள பற்றையை அழிப்பதால் அதற்குப் பரிகாரம் கிடைக்காது. எலியைப் பிடிக்கும் சாரைப்பாம்பைக் கண்டவுடன் அடித்துக் கொல்லும் வழக்கமும் நமக்கே தீங்காக முடிகிறது. டெங்கு நுளம்பு பெரும்பாலும் பெருகுவது தயிர்ச் சட்டியிலும் சிரட்டையிலும் பழைய டயரிலும் அடைபட்ட கூரைப்பீலியிலும் தேங்கும் தெளிந்த நீரில். சிரமதானத்தன்று பற்றையை வெட்டும் கைகள் அவற்றைப் பொறுக்கினால் நோயும் குறையும், பற்றையும் பிழைக்கும். மாரியில் நிறையும் பள்ளங்களில் தும்பிகளின் இளம் பருவங்கள் நுளம்புப் புழுக்களை உண்டே வளர்கின்றன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முளைப்பது எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். பார்த்தீனியம் என்னும் களை வடக்கின் தோட்ட நிலங்களில் எவ்வாறு பரவியது என்பதை நாம் அறிவோம். அது எங்கே தலைகாட்டினாலும், பூக்குமுன், கையுறை அணிந்து பிடுங்க வேண்டும்.

விலங்குகள் மீதான அன்பும் அறிவோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு நம் நகரமே சான்று. பிரெட்றிக் கோட்டையிலும் கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியிலும் திரியும் புள்ளிமான்களைக் காண வெளியூரிலிருந்தும் மக்கள் வருகின்றனர். பழமும் பிஸ்கற்றும் கொடுத்து மகிழ்கின்றனர். அந்த மான்கள் பொலித்தீனை விழுங்கி இறக்கும் செய்திகளையும் நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். உணவு கொடுக்கும் கை விட்டுச்செல்லும் பையே அவற்றைக் கொல்கிறது. வளாகங்களிலும் குரங்குகளுக்கும் பறவைகளுக்கும் தின்பண்டம் வீசும் பழக்கத்தை மாணவர்கள் கைவிட்டு, குப்பைத் தொட்டிகளுக்கு மூடி கேட்பார்களாயின் அதுவே அவற்றுக்குச் செய்யும் பெரிய உதவியாகும்.

நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாத்தீவு 1963ஆம் ஆண்டு சரணாலயமாகவும் 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டு, சட்டத்தின் காவலில் இருக்கிறது. கரையில் உள்ள வளவுகளின் பற்றைக்கும் பனங்கூடலுக்கும் களப்போரக் கண்டலுக்கும் அத்தகைய காவல் பெரும்பாலும் இல்லை. ஒரு வளாகத்தின் நிலத்தில் எது நிற்கும், எது வெட்டப்படும் என்பது அதன் நிருவாகத்தின் ஒரு கையெழுத்தில் தங்கியிருக்கிறது. வளரும் வளாகத்துக்குப் புதிய கட்டிடங்கள் தேவை; அதை யாரும் மறுக்கவில்லை. கட்டிட வரைபடம் தயாராகுமுன் அந்த நிலத்தில் என்ன நிற்கிறது என்று ஒருவர் நடந்து பார்த்துப் பதிவு செய்தால், பல வேளைகளில் கட்டிடத்தைச் சில யார் தூரம் தள்ளிப் போடுவதன் மூலமே ஒரு முதிர்ந்த பாலையைக் காப்பாற்றிவிடலாம்.

அந்தப் பதிவுக்கு மாணவர்களே போதும். பெப்ரவரி மாதத்தில் உலகெங்கும் நான்கு நாட்கள் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் எவரும் பங்குபற்றலாம். கைத்தொலைபேசியில் ஈபேர்ட் செயலியில் கண்டதைப் பதிந்தால் போதுமானது. அக்காலத்தில் இங்கு மழை ஓய்ந்திருக்கும், வலசைப் பறவைகளும் திரும்பிச் சென்றிரா. களப்போரத்தில் உள்ளான்களும் ஆலாக்களும் நிறைந்திருக்கும் பருவம் அது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட களப் பறவையியல் குழு இன்றுவரை இயங்கி வருவது, ஒரு பல்கலைக்கழகத்தில் தொடங்கும் ஆர்வம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைக் காட்டுகிறது. கணக்கியல் கற்கும் மாணவியும் கணினி கற்கும் மாணவனும் இதில் சேரலாம். ஊரில் பாட்டனாரிடம் செடிகொடிகளின் பெயர் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஒவ்வொரு பீடத்திலும் இருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த பெயர்களை எழுதிவைக்கும் ஏடு ஒன்று இன்னும் திறக்கப்படாமல் இருக்கலாம். அதைத் திறப்பதற்கு மே 22 மிகவும் ஏற்ற நாள்.

ஆகவே வளாக நிருவாகத்தினரிடமும் மாணவர் சங்கங்களிடமும், இவ்வாறான விழாக்களை நடத்தும் மாவட்டத்தின் ஏனைய நிறுவனங்களிடமும் நான் பணிவாகக் கேட்பது இதுதான். இம்முறை மே மாதத்தில் கன்று நட வேண்டாம். அன்று வளவைச் சுற்றி நடந்து, வெட்டப்படக் கூடாத பற்றைகளுக்கு எல்லைக் கல் நாட்டுங்கள். கோடையில் பாலையும் வீரையும் நாவலும் பழுக்கும்போது விதைகளைச் சேகரித்து, சொந்தமாக ஒரு நாற்றுமேடை தொடங்குங்கள். அவை நடுவதற்குரிய உயரத்துக்கு வளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை, வரும் ஐப்பசியில் முதல் மழை மண்ணை நன்றாக நனைத்த பின்னர், வேம்பு, கொன்றை, மருது ஆகியவற்றில் கிடைப்பதை, பராமரிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் நடுங்கள். நாற்றுமேடை அமைப்பதற்கும் விதைகளைப் பதப்படுத்துவதற்கும் என்னைப் போன்று ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் பலர் இம்மாவட்டத்தில் இருக்கிறோம். அழைத்தால் ஊதியம் எதிர்பாராமல் வந்து உதவ ஆயத்தமாக உள்ளோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
உப்புவெளி,
திருகோணமலை.