அவனுடைய பெயர்

மட்டக்களப்பு

அன்பின் ராசன்,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். மாமாங்கத் தீர்த்தத்துக்கு இம்முறையும் நீ வரவில்லை என்று அம்மாவுக்குக் குறை.

அங்கே கனடாவில், வீடுகளிலிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்ட பழங்குடிப் பிள்ளைகளின் நினைவாக, செப்டம்பர் 30 அன்று செம்மஞ்சள் சட்டையோடு பள்ளிக்கூடம் போன உன் மகள், "அந்தப் பிள்ளைகளை ஏன் அம்மாக்களிடமிருந்து பிரித்தார்கள்?" என்று கேட்டபோது பதில் வரவில்லை என்று எழுதியிருந்தாய். ஏறக்குறைய 150,000 பழங்குடிப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்த கனடா, 2008 இல் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது; 2015 இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. நாங்களும் இப்படி யாரிடமாவது கேட்டோமா என்ற யோசனை அன்று முதல் என்னை விடவில்லை, மச்சான்.

போன மாதம் வாகரைப் பக்கம் ஒரு சாவீட்டுக்குப் போய், திரும்பும் வழியில் குஞ்சங்கல்குளம் என்ற வேடர் கிராமத்தில் ஒரு பெரியவரின் வீட்டில் இருந்தேன். சாராயப் போத்தலில் அடைத்த தேனை வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டி, தங்களுடைய குமார தெய்வச் சடங்கைப் பற்றி ஆசையோடு சொல்லிக்கொண்டிருந்தவர், பேரனைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். "வேடர் எண்டு சொல்லப் பிள்ளைகளுக்குக் கூச்சம் சேர். பதிவிலயும் தமிழர் எண்டுதான் கிடக்கு."

இலங்கையின் பழங்குடிகளான வேடர், 1946 கணக்கெடுப்பில் 2,361 பேராக இருந்து, 1953 கணக்கெடுப்பில் 803 பேரானார்கள். ஏழு ஆண்டுகளில் அத்தனை பேர் செத்துப்போகவில்லை. பலரும் தமிழராகவோ சிங்களவராகவோ எழுதப்பட்டார்கள். 1983 இல் மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவானபோது, அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய தம்பானை வேடர் ஒரே நாளில் குற்றவாளிகளானார்கள். அவர்களின் தலைவர் வன்னில அத்தோ 1996 இல் ஜெனீவாவில் ஐ.நா. வரை போய் இதைச் சொன்னார். கொழும்பைக் குற்றஞ்சாட்ட எனக்குத் தயக்கமில்லை, ஆனால் அந்தப் பேரனுக்கு வந்த கூச்சத்தைக் கொடுத்தது கொழும்பு அல்ல. எங்கள் நிலத்துக்கும் மொழிக்கும் உலகத்திடம் நியாயம் கேட்கும் நாங்கள், தமிழே பேசும் இந்த வாகரைப் பக்கத்து வேடரின் பெயரை வசைச்சொல்லாக்கி, முரட்டுப் பிள்ளையைத் திட்ட இன்றும் வீட்டில் பயன்படுத்துகிறோம்.

எட்டாம் வகுப்பில், ஜன்னலோரக் கடைசி வாங்கில், வாகரையிலிருந்து வந்து இருந்தானே ஒருவன்? காலில் செருப்பில்லை; கணக்கில் உன்னைவிடக் கெட்டிக்காரன். நாங்கள் எல்லோரும் சேர்ந்து "வேடன், வேடன்" என்று மேசையில் தட்டிப் பாடினோம். ஆசிரியரும் சிரித்தார். மூன்றாம் தவணைக்கு அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

எவ்வளவு யோசித்தும் அவனுடைய பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை, நாங்கள் வைத்த பெயர்தான் வருகிறது. உனக்கு நினைவிருந்தால் உடனே எழுது. தை பிறந்ததும் திரும்பவும் குஞ்சங்கல்குளத்துக்குப் போகப்போகிறேன். அந்தப் பெரியவரிடம் விசாரிக்க அவனுடைய பெயராவது வேண்டும்.

அன்புடன்,
சிவம்