அப்பா முகர்ந்து பார்த்த ஒயில்

பரந்தன்
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. மகளின் கலியாணப் பேச்சு நல்லபடியாக முடிந்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டாரின் பூர்வீகம் மாங்குளம் என்றதும் அவருக்குத் தனிச் சந்தோஷம். ஒரு வேலையை முடித்துவிட்டு அதைப் பற்றியும் சேர்த்து எழுத வேண்டும் என்றுதான் பதிலைத் தள்ளிப் போட்டேன். நேற்று முடிந்தது. என் காருக்கு நானே எஞ்சின் ஒயில் மாற்றினேன்.

வேறு யாருக்கும் இதைக் கடிதமாக எழுத மாட்டேன். அப்பாவின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காருக்குப் பக்கத்தில் என்னோடு ஜாம் போத்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. "நெருப்போடு கிட்ட வராதீர்கள் பிள்ளைகள்" என்று அவர் அதட்ட, வெளிச்சம் போதாமலும் கிட்டப் போக முடியாமலும் நாம் தவித்தது நினைவிருக்கிறதா? 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம் வந்திருந்த காலம். பொருளாதாரத் தடையில் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காது. ஒரு சின்னப் போத்தலில் ஒளித்து வைத்திருந்ததில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். அந்தப் புகையில் உனக்கு எப்போதும் இருமல்.

ஒவ்வொரு நாள் காலையும் ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி அவர் முகர்ந்து பார்ப்பாரே, அது ஏன் என்று நாம் கேட்டதில்லை. இந்த வேலைக்காக வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே ஒயில் தேங்கும் சம்புக்குள் வடிந்து ஒயிலோடு கலந்துவிடும். ஓட ஓடக் குறைய வேண்டிய ஒயில் மட்டம் ஏறத் தொடங்கும். நீர்த்துப்போன ஒயிலால் எஞ்சினின் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளைக் காப்பாற்ற முடியாது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அப்பா மூக்கால் அறிந்துகொண்டார். மாற்றுவதற்குப் புது ஒயிலும் கிடைக்காத நாட்களில் அந்தக் காரை அத்தனை வருடம் ஓடவைத்தார் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

என்னுடையது பழைய கொரோலா 121. விசுவமடுப் பக்கம் உள்ள பாடசாலைக்கு முல்லைத்தீவு வீதியில் போய், பிறகு கிரவல் பாதையில் இறங்க வேண்டும். அந்தச் செம்புழுதிக்குப் பயந்து 5,000 கிலோமீற்றர் ஆகுமுன்னமே ஒயில் மாற்றுவது என் வழக்கம். அதற்குக் கூலி கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியாக மாற்றிய இடத்தில், வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கக் கேட்டேன். பெண்கள் உள்ளே நிற்க வேண்டாம் என்று வெளியே இருத்திவிட்டார்கள். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் திருத்தும் தம்பி ஒரே ஒரு புத்தி சொன்னான்: "அக்கா, ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம்." அதனால் தச்சரிடம் தடித்த பனம்பலகைகளைப் படிபோல அடுக்கி ஆணி அடிப்பித்து, முன் சில்லுகள் இரண்டையும் அவற்றின் மேல் ஏற்றினேன். ஹாண்ட் பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்த பிறகும் காரைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டே கீழே போனேன்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். இளஞ்சூட்டில் ஒயில் இளகி, அழுக்கையும் கூட்டிக்கொண்டு இறங்கும். வடிக்கும் போல்ட்டுக்கு 14 மில்லிமீற்றர் ஸ்பனர். போன முறை மிதமிஞ்சி இறுக்கியிருந்தார்கள். ஸ்பனரில் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி நீட்டிய பிறகுதான் அசைந்தது. போல்ட் கழன்றதும் ஒயில் நேரே கீழே விழும் என்று நினைத்து வைத்த பேசினைத் தாண்டி, வளைந்து பாய்ந்தது. ஒரு கோப்பை அளவு மண்ணில் போய்விட்டது. பேசினை நகர்த்திவிட்டு, அந்த மண்ணை உடனே வழித்து ஒரு வாளியில் போட்டேன். கிணறு பக்கத்தில் இருக்கிறது.

ஒயிலை வடிகட்டும் பில்டரைக் கழற்றியபோதுதான் மனம் கசந்தது. போன முறை பில்லில் புதுப் பில்டர் என்று எழுதிப் பணம் வாங்கியிருந்தார்கள். பில்லில் இருந்தது ஒரு கம்பனியின் பெயர், என் கையில் இருந்தது வேறொன்று, அதுவும் துருவேறிச் செம்மண் அப்பியது. புது ஒயிலைப் பழைய அழுக்குக்குள்ளேயே ஓடவிட்டிருக்கிறேன். நான் கொடுத்த பணத்தைவிட, என்னை வெளியே இருத்தியதன் காரணம் விளங்கியதுதான் அதிகம் வலித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழன்ற பில்டரில் இறப்பர் வளையத்தைக் காணவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். அது எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் புதியதைப் பூட்டியிருந்தால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, ஓடும் வழியில் ஒயில் முழுவதும் பீறிட்டிருக்கும். மெல்ல உரித்தெடுத்தேன். புது வளையத்தில் ஒயில் பூசி, அது தொட்டபின் முக்கால் சுற்று, கையால் மட்டுமே இறுக்கினேன். போல்ட்டுக்கும் புது வாஷர்.

உங்கள் டொரொன்டோவில் 0டபிள்யூ-20 ரக ஒயில் ஊற்றுவதாக ஒருமுறை எழுதியிருந்தாய். அந்த டபிள்யூ குளிர்காலத்துக்கான எழுத்தாம். முன்னால் உள்ள எண் குறையக் குறைய, உறையும் காலையிலும் ஒயில் விரைந்து ஓடும். எங்கள் வெயிலுக்கு அந்தக் கவலை இல்லை. 10டபிள்யூ-30 எடுத்தேன். பில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர் வேண்டும். மூன்று லீற்றர் விட்டுவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் ஒயிலுக்கான சிவப்பு விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பலகையிலிருந்து சமதரைக்கு இறக்கி நிறுத்தி, ஒயில் இறங்கும்வரை பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவினேன். தேன்போல நிறம், இரண்டு கோடுகளுக்கும் நடுவில். நானும் முகர்ந்து பார்த்தேன்.

பழைய ஒயிலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ஐயா வந்தார். கறையானுக்கு வேலிக் கட்டைகளில் பூசுவது இங்கே எல்லோரும் செய்வதுதான், அப்பாவும் செய்தார். ஆனால் மாரி மழையில் அது கழுவுண்டு எங்கே போகும்? நாம் குடிப்பது இந்த மண்ணின் கீழுள்ள தண்ணீரைத்தான். அவருக்கு மறுப்புச் சொல்வது சங்கடமாகத்தான் இருந்தது, ஆனாலும் கொடுக்கவில்லை. புது ஒயில் வந்த கானிலேயே அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் இன்று காலை ஒப்படைத்தேன். அந்த வாளி மண்ணையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியே அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் முறிகண்டிக்குப் போனேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் காரின் கீழே ஒரு காட்போர்ட் மட்டையை விரித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஒரு துளியும் இல்லை. அம்மா திண்ணையில் இருந்தபடி, "கொப்பர் பார்த்திருக்க வேண்டும்" என்றார். 2009 இல் புதுக்குடியிருப்புக்கு அப்பால் அந்த ஒஸ்டினை விட்டுவிட்டு நடந்த நாளுக்குப் பிறகு, அம்மா காரைப் பற்றித் தானாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

உன் அண்ணாவிடம் ஒன்று கேட்டு எழுது. ஸ்கந்தபுரத்தில் அப்பாவுக்குக் கைவேலைக்கு நின்றவர் அவர்தானே. அந்தக் காரின் சம்ப் எத்தனை லீற்றர் பிடிக்கும், கடைசியாக அதற்கு எங்கிருந்து ஒயில் எடுத்தார்கள்? அம்மாவுக்கு நினைவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி